எல்லையில் லாரி மேல் நின்று பாடிய பால் ராப்சன்

1952-ம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி. அமெரிக்காவும் கனடாவும் சந்திக்கும் எல்லையில், மேற்குக் கடற்கரை ஓரமாக, "அமைதி வளைவு" என்ற பெரிய வெள்ளை வளைவு ஒன்று நிற்கிறது. அன்று அந்த வளைவின் அருகே, அமெரிக்க மண்ணில், ஒரு லாரி வந்து நின்றது. அதன் மேல் ஒரு கறுப்பர் ஏறினார். ஆறடி மூன்று அங்குல உயரம், மல்யுத்த வீரரைப் போன்ற தோள்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கனடா நாட்டுத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு ஆயிரம் ஆயிரமாகப் புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் பாடினார். எல்லைக் கோட்டை அவர் தாண்டவில்லை, தாண்டினால் சிறை. பாட்டு மட்டும் தாண்டியது.

அவர் பெயர் பால் ராப்சன். ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே மிக அதிகமாகச் சம்பாதித்த பாடகர்களில் ஒருவர். எட்டு ஆண்டுகள் வெளிநாடு போக முடியாமல், உள்நாட்டிலும் பாட இடம் கிடைக்காமல் அடைபட்டுக் கிடந்தார். திருட்டு, கொலை என்று அவர் மேல் எந்த வழக்கும் இல்லை. ஏழைகளுக்காகவும் அடிமைப்பட்ட நாடுகளுக்காகவும் பாடினார், பேசினார் என்பதுதான் அவர் மீதிருந்த குறை.

அடிமையின் மகன்

ராப்சனின் தந்தை வில்லியம் பிறக்கும்போதே அடிமை. வட கரோலினா மாநிலத்தில் ஒரு வெள்ளைக்காரரின் தோட்டத்துக்குச் சொந்தமான "பொருள்". 1860-ம் ஆண்டு, பதினைந்து வயதில், தோட்டத்தை விட்டுத் தப்பி ஓடி வடக்கே வந்து சேர்ந்தார். உழைத்துக்கொண்டே படித்தார். கல்லூரிப் பட்டம் வாங்கிப் பாதிரியார் ஆனார்.

நியூஜெர்சி மாநிலம் பிரின்ஸ்டன் நகரில் கறுப்பர்களின் மாதா கோவிலில் அவருக்குப் பணி. அங்கேதான் 1898-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி கடைசிக் குழந்தையாகப் பால் பிறந்தார். குழந்தைக்கு மூன்று வயது ஆகும் முன்பே தந்தையின் வேலை போயிற்று. மேலிடத்தில் இருந்த வெள்ளையர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. பட்டம் பெற்ற பாதிரியார், வீடு வீடாகப் போய் அடுப்புச் சாம்பலை அள்ளி வண்டியில் ஏற்றும் வேலையைச் செய்தார். குதிரை வண்டியும் ஓட்டினார். இதற்காக அவர் யாரிடமும் புலம்பியதில்லை என்று பின்னாளில் மகன் நினைவு கூர்ந்தார்.

1904-ல் இன்னொரு இடி விழுந்தது. தாயார் மரியா லூயிசா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கண் பார்வை மங்கிப் போயிருந்தது. அடுப்பிலிருந்து சிதறிய நெருப்பு உடையில் பற்றிக்கொள்ள, உடல் கருகி இறந்துபோனார். பாலுக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை.

தாயில்லாப் பிள்ளையை அண்டை அயலில் இருந்த ஏழைக் கறுப்பர்கள்தான் வளர்த்தார்கள். கிடைத்த கஞ்சியில் இவனுக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் அவர்கள் பாடும் பாட்டுகள் அவன் காதில் ஊறின. பருத்திக் காட்டில் வேலை செய்த அடிமைகள், நம் ஊரில் நடவு நடும் பெண்கள் பாடுவதுபோல, தங்கள் துயரத்தைத் தாங்களே கட்டிப் பாடிய பாட்டுகள் அவை. எழுதியவர் பெயர் தெரியாது. ராப்சனை உலகப் புகழுக்குக் கொண்டுபோனவை அந்தப் பாட்டுகள்தான்.

முறிந்த மூக்கு, பெயர்ந்த நகம்

1915-ல் ரட்கர்ஸ் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துக்கான தேர்வில் வென்று சேர்ந்தார். அந்தக் கல்லூரியின் நீண்ட வரலாற்றில் அவர் மூன்றாவது கறுப்பு மாணவர். அப்போது கல்லூரி முழுவதிலும் அவர் ஒருவர்தான்.

கால்பந்துக் குழுவில் சேர விளையாட்டு மைதானத்துக்குப் போனார். அமெரிக்கக் கால்பந்து முட்டி மோதி ஆடும் முரட்டு ஆட்டம். கறுப்பனைச் சேர்க்கக் கூடாது என்று சக மாணவர்களே முதல் நாளில் மொத்தமாகப் பாய்ந்தார்கள். மூக்கு முறிந்தது, தோள் மூட்டு நழுவியது. பிறகு ஒருவன் ஆணி பதித்த பூட்சால் அவர் கையை மிதித்ததில் விரல் நகங்கள் பெயர்ந்தன. பத்து நாட்கள் படுக்கையில் கிடந்தார். விட்டுவிடலாமா என்று நினைத்தார். ஆனால், தன்னைப் பார்த்து அடுத்து வரப்போகும் கறுப்புப் பிள்ளைகளுக்காக நிற்க வேண்டும் என்று தந்தை சொல்லி வளர்த்திருந்தார். மறுபடியும் மைதானத்துக்குப் போனார். குழுவில் இடம் கிடைத்தது.

1917, 1918 இரண்டு ஆண்டுகளும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அதற்கு முன்பு, தெற்கே இருந்து வந்த ஒரு கல்லூரி, கறுப்பர் ஆடினால் நாங்கள் ஆடமாட்டோம் என்றதும், அவரை வெளியே உட்கார வைத்தார்கள். கல்லூரிப் பாட்டுக் குழுவில் பாடலாம். குழு வெளியூர் போகும்போது கூட வரக் கூடாது. இத்தனைக்கும் நடுவில் படிப்பிலும் முதல் வரிசை. 1919-ல் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பில் பேசும் பெருமை அவருக்குக் கிடைத்தது. ஆனால், அதைப் பார்க்கத் தந்தை இல்லை. முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

வக்கீல் வேலை போனது

அடுத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சட்டம் படித்தார். வார நாட்களில் படிப்பு. வாரக் கடைசியில் பணத்துக்காகக் கால்பந்து. 1921-ல் எஸ்லாண்டா என்ற படித்த கறுப்புப் பெண்ணைக் காதலித்து மணந்தார். ஆஸ்பத்திரிப் பரிசோதனைச் சாலையில் வேலை பார்த்த அந்த அம்மாள், பிற்பாடு கணவரின் கச்சேரிகளுக்கும் கணக்கு வழக்குகளுக்கும் பொறுப்பேற்று, கடைசி வரை துணை நின்றார். தாமும் புத்தகங்கள் எழுதிய அறிஞர்.

1923-ல் சட்டப் பட்டம் பெற்று நியூயார்க்கில் ஒரு வக்கீல் நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு நாள் அங்கிருந்த சுருக்கெழுத்துப் பெண்ணை அழைத்துக் கடிதம் ஒன்றைச் சொல்லி எழுதச் சொன்னார். கறுப்பர் சொல்லித் தான் எழுதுவதா என்று அவள் மறுத்துவிட்டாள். ராப்சன் சண்டை போடவில்லை. வேலையை விட்டு வெளியே வந்தார். சட்டத் தொழில் பக்கம் மறுபடி திரும்பவே இல்லை.

அதற்கு முன்பே பொழுதுபோக்காக நாடகங்களில் நடித்து வந்தார். நாடகாசிரியர் யூஜின் ஓநீல் அவரைத் தம் நாடகங்களுக்குக் கதாநாயகனாக எடுத்துக்கொண்டார். 1925-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி, லாரன்ஸ் பிரவுன் பியானோ வாசிக்க, நியூயார்க்கில் ஒரு கச்சேரி செய்தார். நிகழ்ச்சி முழுவதும் கறுப்பர்களின் பாட்டுகள்தான். அடிமைகளின் பாட்டுக்கும் ஒரு மேடையா என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அன்று கூட்டம் அரங்கு கொள்ளவில்லை. மறுநாள் பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. ஆழ்கிணற்றிலிருந்து எழுவதுபோன்ற அந்தக் கனத்த குரல் இசைத்தட்டுகள் மூலம் உலகமெங்கும் போயிற்று.

லண்டன் கற்றுக் கொடுத்த பாடம்

1928-ல் "ஷோ போட்" என்ற இசை நாடகத்துக்காக லண்டன் சென்றார். மிசிசிப்பி நதியைப் பற்றி அதில் வரும் "ஓல் மேன் ரிவர்" பாட்டு அவருடைய சொந்தப் பாட்டு என்றே ஜனங்கள் நினைக்கும் அளவுக்கு அவரோடு ஒட்டிக்கொண்டது. 1930-ல் ஷேக்ஸ்பியரின் "ஒதெல்லோ" நாடகத்தில் கறுப்புத் தளபதியாக நடித்தார். சீமான்களும் சீமாட்டிகளும் விருந்துக்கு அழைத்தார்கள். அதே லண்டனில் ஒரு பெரிய ஓட்டலில் கறுப்பர் என்பதால் சாப்பாடு மறுக்கப்பட்டது. விருந்துக்கு அழைப்பவர்களின் கைதட்டலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அவருக்கு விளங்கியது.

லண்டனில் அவர் வேறு இரண்டு வகை மனிதர்களைச் சந்தித்தார். ஒரு வகை, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாடுகளிலிருந்து படிக்க வந்த மாணவர்கள். பின்னாளில் கென்யாவின் தலைவரான ஜோமோ கென்யாட்டா அவர்களில் ஒருவர். கீழ்த்திசை மொழிகளைக் கற்பிக்கும் லண்டன் கல்லூரியில் சேர்ந்து ஆப்பிரிக்க மொழிகளைப் படிக்கத் தொடங்கினார் ராப்சன். தம் முன்னோர்களுக்கும் மொழியும் கலையும் நாகரிகமும் இருந்தன என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டார்.

இன்னொரு வகை, வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். வேலை இழந்து பசியோடு லண்டன் வரை நடந்து வந்த சில தொழிலாளர்கள் தெருவில் பாடிக்கொண்டு போனதை ஒரு நாள் கேட்டார். உடனே போய் அந்த ஊர்வலத்தில் சேர்ந்து தாமும் பாடினார். அவர்கள் ரயிலில் ஊர் திரும்பவும், உணவும் துணியும் கொண்டுபோகவும் உதவி செய்தார். வெள்ளைக்காரர்களிலும் அடிமைபோல் வாடுகிறவர்கள் உண்டு என்ற எண்ணம் அன்று அவர் மனதில் பதிந்தது.

1934-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி வேல்ஸில் கிரஸ்போர்டு சுரங்கம் வெடித்து 266 பேர் மாண்டார்கள். அப்போது வேல்ஸ் பகுதியில் கச்சேரிக்கு வந்திருந்த ராப்சன், தமக்குரிய தொகையை அந்தக் குடும்பங்களின் உதவி நிதிக்குக் கொடுத்தார். அதற்கு முந்திய ஆண்டு, ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த யூத அகதிகளுக்காக நாடகம் நடித்துப் பணம் திரட்டிக் கொடுத்திருந்தார். கறுப்பர், வெள்ளையர், யூதர் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை.

1935-ல் அவர் நடித்த ஒரு ஆங்கிலப் படம் ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சியைப் புகழ்வதாக அமைந்துவிட்டது. ஆப்பிரிக்க மக்களின் கலையைக் காட்டப்போவதாக நம்பித்தான் அதில் நடித்தார். படத்தை முழுதாகப் பார்த்தபோது வெட்கப்பட்டார். அதிலிருந்து படங்களைத் தேர்ந்து எடுப்பதில் கண்டிப்பாக இருந்தார். பெரிய நாடக அரங்குகள் கூப்பிட்டதை ஒதுக்கிவிட்டு, தொழிலாளர்கள் நடத்திய "யூனிட்டி" நாடகக் குழுவில் சம்பளமில்லாமல் நடித்தார். அங்கே நடிகர்களின் பெயரைக்கூட அச்சிட மாட்டார்கள். கூலிக்காரர்களும் டிக்கெட் வாங்கும்படி, குறைந்த கட்டணத்தில் சினிமாக் கொட்டகைகளிலும் கச்சேரி செய்தார்.

ஸ்பெயின் போர்க்களத்தில்

1936-ல் ஸ்பெயின் நாட்டில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசை எதிர்த்து ராணுவத் தளபதி பிராங்கோ கலகம் செய்தார். ஹிட்லரும் முசோலினியும் அவருக்கு விமானமும் படையும் கொடுத்தார்கள். குடியரசைக் காக்கப் பல நாட்டுத் தொழிலாளர்கள் தொண்டர் படையாகச் சென்றார்கள்.

1937 ஜூன் 24-ந் தேதி லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் ஸ்பெயின் அகதிக் குழந்தைகளுக்காக நிதி திரட்டும் கூட்டம் நடந்தது. ராப்சன் பாடியதோடு பேசவும் செய்தார். விடுதலை ஒரு பக்கம், அடிமைத்தனம் ஒரு பக்கம் என்று இருக்கும்போது கலைஞன் நடுவில் நிற்க முடியாது, தாம் விடுதலையின் பக்கம் என்று பகிரங்கமாக அறிவித்தார். அவருடைய வாழ்க்கையே அன்று திசை மாறியது.

1938 ஜனவரியில் மனைவியோடு ஸ்பெயினுக்கே போனார். போர் வீரர்கள் மத்தியிலும், காயம்பட்டவர்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரிகளிலும் பாடினார். "ஓல் மேன் ரிவர்" பாட்டின் முடிவில் இருந்த சலிப்பையும் அழுகையையும் எடுத்துவிட்டு, போராடுவேன் என்ற பொருள் வரும்படி சொற்களை மாற்றியதும் அந்தக் காலத்தில்தான். அந்த ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் நாட்டு மவுண்டன் ஆஷ் என்ற ஊரில், ஸ்பெயினில் உயிர்நீத்த 33 வேல்ஸ் வீரர்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. ஏழாயிரம் பேர் கூடியிருந்த அந்தக் கூட்டத்திலும் ராப்சன் பாடினார்.

நேருவின் நண்பர்

ஜவாகர்லால் நேரு 1938-ல் லண்டன் வந்தபோது கிங்ஸ்வே மண்டபத்தில் அவருக்கு வரவேற்பு அளிக்கப்பட்டது. ராப்சன் அதில் கலந்துகொண்டு இந்திய விடுதலையை ஆதரித்துப் பேசினார். நேரு குடும்பத்துக்கும் ராப்சன் குடும்பத்துக்கும் ஏற்பட்ட நட்பு நீடித்தது. இரண்டாவது உலகப் போரின்போது நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டின் பெண்கள் அமெரிக்காவில் படிக்கச் சென்றார்கள். நேரு இங்கே சிறையில் இருந்தார். அந்தப் பெண்களுக்கு அங்கே ஆதரவாக இருந்தவர்கள் ராப்சன் தம்பதிதான்.

1939-ல் தாயகம் திரும்பினார். ஜப்பான் படையெடுப்பால் தவித்த சீனாவுக்காக, 1941-ல் சீன மொழிப் பாட்டுகளைப் பாடி இசைத்தட்டு வெளியிட்டு, வருமானத்தைச் சீன நிவாரணத்துக்குக் கொடுத்தார். 1943-ல் நியூயார்க்கில் மறுபடி "ஒதெல்லோ". அமெரிக்காவின் பெரிய அரங்கில், வெள்ளைக்கார நடிகையின் கணவனாக ஒரு கறுப்பர் நடிப்பதே அப்போது பெரிய துணிச்சல். நாடகம் 296 காட்சிகள் ஓடியது. ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அங்கே அவ்வளவு நாள் ஓடியதில்லை.

ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலைக்காக நடந்த "ஆப்பிரிக்க விவகாரக் கவுன்சில்" என்ற சங்கத்துக்கு அவர் தலைவர். 1946-ல் தென் ஆப்பிரிக்காவில் பஞ்சம் வந்தபோது அந்தச் சங்கம் பணமும் டின் உணவும் திரட்டி அனுப்பியது.

ஜனாதிபதியுடன் மோதல்

போர் முடிந்து ஊர் திரும்பிய கறுப்பு வீரர்கள் சிலரை, ராணுவ உடை கலையும் முன்பே, தெற்கு மாநிலங்களில் வெறிக் கும்பல்கள் கொன்றன. 1946 செப்டம்பரில் ராப்சன் ஒரு குழுவுடன் வெள்ளை மாளிகைக்குச் சென்று, இந்தப் படுகொலைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று ஜனாதிபதி ட்ரூமனிடம் கேட்டார். அதற்கு இது சமயமல்ல என்றார் ட்ரூமன். அரசு காப்பாற்றாவிட்டால் கறுப்பர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்வார்கள் என்று ராப்சன் முகத்துக்கு நேரே சொன்னார். ஜனாதிபதி கோபத்தோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

கறுப்பர்களைத் தனியே உட்கார வைக்கும் அரங்குகளில் பாடுவதையும் ராப்சன் அதற்குள் நிறுத்தியிருந்தார். 1942-ல் கன்சாஸ் நகரில் பாடும்போது, சபையில் கறுப்பர்களை ஒதுக்கி உட்கார வைத்திருப்பதைக் கண்டார். மேடையிலிருந்தே கண்டித்தார். 1947-ல் சாதாரணக் கச்சேரிகளை இரண்டு வருஷத்துக்கு ஒதுக்கி வைப்பதாக அறிவித்தார். பனாமாக் கால்வாய்த் தொழிலாளர்கள், வேலை நிறுத்தம் செய்தவர்கள் என்று தேடிப்போய்ப் பாடினார்.

கல்மழை

1949 ஏப்ரலில் பாரிஸ் நகரில் ஒரு சமாதான மாநாட்டில் பேசினார். ரஷ்யாவோடு போர் வந்தால் அமெரிக்கக் கறுப்பர்கள் போரிட மாட்டார்கள் என்று அவர் பேசியதாக ஒரு செய்தி அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தது. அவர் பேசியதைத் திரித்து அனுப்பிய செய்தி அது. மறுப்பு யார் காதிலும் ஏறவில்லை. "தேசத் துரோகி" என்ற முத்திரை விழுந்தது. வேஸ்பால் ஆட்டத்தில் வெள்ளையர் குழுவில் சேர்ந்து நிறத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனையே விசாரணைக் குழு முன் அழைத்து ராப்சனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தார்கள். கறுப்பர்களை ஆட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று 1943-லேயே வேஸ்பால் தலைவர்களிடம் நேரில் வாதாடியவர் ராப்சன். ஆண்டுகள் கழித்து ராபின்சன் அதற்காக வருந்தி எழுதினார்.

அந்த ஆகஸ்டு 27-ந் தேதி, நியூயார்க் அருகே பீக்ஸ்கில் என்ற இடத்தில் அவர் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. அவர் போய்ச் சேருமுன்பே வெறிக் கும்பல் புகுந்து நாற்காலிகளைக் கொளுத்தியது. ராப்சன் பயப்படவில்லை. செப்டம்பர் 4-ந் தேதி அங்கேயே பாடுவேன் என்றார். சுமார் இருபதாயிரம் பேர் வந்தார்கள். தொழிற்சங்கத்தினர் தோளோடு தோள் சேர்த்து மைதானத்தைச் சுற்றிக் கோட்டை போல் நின்றார்கள். கச்சேரி நடந்தது. ஆனால் திரும்பும் வழியில் கார்கள் மீதும் பஸ்கள் மீதும் கல்மழை பொழிந்தது. போலீஸ் வேடிக்கை பார்த்தது. 140 பேருக்கு மேல் காயம். அன்று அங்கே பாடிய இன்னொரு பாடகர் பீட் சீகர், தம் காருக்குள் விழுந்த கற்களைக் கொண்டுபோய் வீட்டுப் புகைபோக்கியில் வைத்துக் கட்டினார்.

பறிபோன பாஸ்போர்ட்

1950-ல் அரசு அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்தது. டெலிவிஷனில் தோன்றத் தடை. கச்சேரிக்கு இடம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கைவிரித்தார்கள். கடைகளில் அவர் இசைத்தட்டு கிடைக்கவில்லை. புலனாய்வு ஆட்கள் நிழல்போல் தொடர்ந்தார்கள். கால்பந்து வீரர்களின் பட்டியல் புத்தகம் ஒன்றில் அவர் பெயரையே நீக்கிவிட்டு, பதினொரு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேரை அச்சிட்டார்கள். ஆண்டுக்கு லட்சம் டாலருக்கு மேல் இருந்த வருமானம் சில ஆயிரம் டாலராகச் சுருங்கியது.

பாஸ்போர்ட் கேட்டு வழக்குப் போட்டார். அரசு தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று, ஆப்பிரிக்க அடிமை நாடுகளின் விடுதலைக்காக அவர் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறார் என்பது. இதை அவர் தமக்குக் கிடைத்த நற்சான்றாகவே எடுத்துக்கொண்டார்.

கம்யூனிஸ்டு அல்ல என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். ஒருவரின் அரசியல் கருத்தைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்று மறுத்துவிட்டார். கனடா போக அமெரிக்கருக்குப் பாஸ்போர்ட்டே தேவையில்லை. ஆனாலும் 1952 தொடக்கத்தில் எல்லையில் தடுத்தார்கள். வான்கூவரில் கூடியிருந்த சுரங்கத் தொழிலாளர் மாநாட்டுக்கு டெலிபோனிலேயே பாடினார். எல்லையோரக் கச்சேரியும் அதே சங்கத்தின் ஏற்பாடுதான். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அது நடந்தது.

1957 அக்டோபர் 5-ந் தேதி வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் இசை விழாவில் கூடினார்கள். அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போடப்பட்ட கம்பி வழியாக, நியூயார்க்கிலிருந்து ராப்சனின் குரல் வந்தது. ஐயாயிரம் பேர் கேட்டார்கள். பிறகு அவர்கள் சேர்ந்து பாட, ராப்சன் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பு அவர்களுக்குச் செய்த உதவியை அந்த மக்கள் மறக்கவில்லை.

சொல்லாமல் விட்டது

ராப்சனின் வாழ்க்கையில் ஒரு குறையும் உண்டு. 1934-ல் முதன்முதலாக ரஷ்யா சென்றபோது, நிற வேற்றுமை பாராமல் தம்மை மனிதனாக நடத்திய நாடு என்று அவர் நெகிழ்ந்துபோனார். அந்த நன்றி அவர் கண்ணை மறைத்தது. 1949-ல் மாஸ்கோ சென்றபோது, அவருடைய நண்பரான யூதக் கவிஞர் இட்சிக் பெபர் சிறையிலிருந்து அழைத்து வரப்பட்டு அவரைச் சந்தித்தார். யூத எழுத்தாளர்களுக்கு ஆபத்து என்பதை ராப்சன் தெரிந்துகொண்டார். அன்றைய மேடையில் யூதர்களின் போராட்டப் பாட்டு ஒன்றைப் பாடினார். ஆனால் அமெரிக்கா திரும்பிய பின் ஸ்டாலின் ஆட்சியைக் கண்டித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1952-ல் பெபர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் ஸ்டாலின் பெயரால் வழங்கிய சமாதானப் பரிசு ராப்சனுக்கு அறிவிக்கப்பட்டது. ரஷ்யாவைக் கண்டித்தால் கறுப்பர்களின் எதிரிகளுக்கு அது ஆயுதமாகும் என்று அவர் எண்ணினார். ஊருக்கெல்லாம் நியாயம் கேட்டவர் அங்கே மட்டும் மௌனமாக இருந்தது சரியா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. அவரைப் போற்றுகிறவர்களும் இதற்கு எளிதாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

இந்தியா கொண்டாடிய பிறந்த நாள்

1958 ஏப்ரலில் அவருக்கு அறுபது வயது நிறைந்தது. நம் நாட்டில் அதைச் சிறப்பாகக் கொண்டாட ஏற்பாடாயிற்று. பம்பாய் ஐகோர்ட்டு தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா விழாக் குழுவின் தலைவர். பிரதமர் நேரு, ராப்சன் மிகப் பெரிய கலைஞர் என்றும், மனித கௌரவத்துக்காகத் துன்பம் ஏற்றவர் என்றும் பாராட்டி அறிக்கை விட்டார். விழாவைத் தடுக்க அமெரிக்க அதிகாரிகள் முயன்றும் பலிக்கவில்லை.

அந்த ஜூன் மாதம், ஒருவரின் அரசியல் கருத்துக்காகப் பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது என்று வேறொரு வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ராப்சனுக்கும் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. மறுபடி லண்டன், வேல்ஸ், ரஷ்யா என்று சுற்றினார். 1960 நவம்பரில் ஆஸ்திரேலியாவில், சிட்னி இசை மண்டபம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்துக்கே போனார். கட்டட வேலை செய்தவர்கள் சாரத்தின் மேல் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்க, நடுவில் நின்று பாடினார். உலகப் புகழ் பெற்ற அந்த மண்டபத்தில் முதன்முதலாகப் பாட்டுக் கேட்டவர்கள் அதைக் கட்டிய கூலிக்காரர்கள்தான்.

கடைசி நாட்கள்

பல ஆண்டு நெருக்கடி உடலையும் மனதையும் முறித்துவிட்டது. 1961-ல் மாஸ்கோவில் மனம் கலங்கி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். லண்டனிலும் கிழக்கு ஜெர்மனியிலும் நீண்ட சிகிச்சை. 1963 கடைசியில் ஊர் திரும்பினார். 1965-ல் எஸ்லாண்டா காலமானார். பிலடெல்பியா நகரில் அக்காள் வீட்டில் வெளியுலகம் அறியாமல் கடைசிக் காலத்தைக் கழித்தார்.

அந்த ஆண்டுகளில்தான் மார்டின் லூதர் கிங் தலைமையில் கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் வெற்றி கண்டது. ராப்சன் இருபது ஆண்டுகளுக்கு முன்பு கேட்ட பல உரிமைகள் சட்டமாயின. ஆனால் ராப்சன் யார் என்று அமெரிக்க இளைஞர் பலருக்குத் தெரியவில்லை. அவர் பெயரை அவ்வளவு நன்றாக அழித்திருந்தார்கள்.

1976-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி, 77-வது வயதில், ராப்சன் காலமானார். அவருடைய அண்ணன் பாதிரியாராக இருந்த ஹார்லம் கோவிலில் இறுதிச் சடங்கு நடந்தது. மழையைப் பொருட்படுத்தாமல் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். கலைஞன் நடுவில் நிற்க முடியாது என்று அவர் 1937-ல் சொன்ன சொற்களையே கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் படித்த அசாம் பாடகர் பூபேன் ஹசாரிகா, ராப்சனோடு பழகியவர். மிசிசிப்பிப் பாட்டின் சாயலில் அவர் பிரம்மபுத்திராவைப் பற்றிக் கட்டிய பாட்டு, கங்கையின் பெயரால் வங்காளியிலும் இந்தியிலும் பரவி இன்றும் ஒலிக்கிறது.

பல கௌரவங்கள் அவர் கண் மூடிய பிறகே வந்தன. 1995-ல் கால்பந்து வீரர்களின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. 2004-ல் அமெரிக்க அரசு அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது. முதல் நாளிலேயே அவர் மூக்கை முறித்த ரட்கர்ஸ் கல்லூரியில், அவர் பட்டம் பெற்று நூறு ஆண்டு நிறைந்த 2019-ல், அவர் பெயரால் ஒரு சதுக்கம் திறந்தார்கள்.